டிரைவுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது: டேப் லைப்ரரியில் கிளீனிங் டேப் அடையாளம் காணப்படும் விதம்

டேப் லைப்ரரி என்பது பேக்கப் தரவைப் பதியும் காந்த நாடாக்களை அடுக்கி வைத்து, ரோபோவால் எடுத்து, நாடாவைப் படித்து எழுதும் டிரைவில் போடும் பெட்டி. அதன் கதவைத் திறந்தால் வரிசை வரிசையாக ஸ்லாட்கள், ஒவ்வொன்றிலும் கையடக்கமான ஒரு கார்ட்ரிட்ஜ். நாற்பது ஸ்லாட் உள்ள லைப்ரரி என்றால் ஏதோ ஒரு மூலையில் டிரைவைச் சுத்தம் செய்யும் கிளீனிங் டேப் ஒன்றிரண்டு இருக்கும், மற்றவை எல்லாம் தரவு டேப். இரண்டுக்கும் உருவமும் அளவும் ஒன்றே. ரோபோவின் கை இரண்டையும் ஒரே மாதிரிதான் பிடித்து இழுக்கும். எச்.பி. தன் எல்.டி.ஓ. (பரவலாகப் புழங்கும் ஒரு டேப் வகை) கிளீனிங் டேப்பை ஆரஞ்சு நிறத்தில் விற்றது என்றாலும், அந்த நிறம் நம் கண்ணுக்காகத்தான். ரோபோ நிறம் பார்ப்பதில்லை. அப்படியானால் ஆளில்லாத சர்வர் அறையில், நள்ளிரவில், டிரைவ் தன்னைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கும்போது எந்தக் கார்ட்ரிட்ஜை எடுத்துப் போடுவது என்று பேக்கப் மென்பொருள் எப்படி முடிவு செய்கிறது?

பெரும்பாலான மென்பொருள்கள் பார்கோடின் முதல் மூன்று எழுத்தைப் பார்க்கின்றன. சி, எல், என் என்று தொடங்கினால் அது கிளீனிங் டேப். மற்றதெல்லாம் தரவு டேப். இவ்வளவுதான். பல லட்ச ரூபாய் விலையுள்ள லைப்ரரி, அதைவிட அதிகமாக உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள், எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு ஸ்டிக்கரை நம்பித்தான் நிற்கின்றன. இதில் குறை சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால், வேறு வழி எதுவும் இதைவிட மலிவாக இல்லை என்பது புரியும்.

கிளீனிங் டேப் என்பது என்ன

டேப் டிரைவின் உள்ளே, தரவைப் படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட்டின் மேல் நாடா உரசியபடியே ஓடும். நாடாவின் பூச்சிலிருந்து உதிரும் நுண்துகளும் அறைக்குள் மிதக்கும் தூசியும் ஹெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். 2000-ல் வந்த எல்.டி.ஓ. முதல் தலைமுறையில் அரை அங்குல நாடாவில் தரவு பதியும் 384 தடங்கள் இருந்தன. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் அதே அகலத்தில் 8,960 தடங்கள். தடம் இவ்வளவு ஒல்லியாகும்போது ஹெட்டில் ஒரு சிறு துகள் ஒட்டினாலும் பிழை கூடும்.

எல்.டி.ஓ. டிரைவ்களுக்குள்ளேயே ஹெட்டைத் துடைக்க ஒரு சிறு தூரிகை உண்டு. அது போதாதபோதுதான் கிளீனிங் டேப். அதில் இருப்பது காந்தப் பதிவுக்கான நாடா அல்ல, ஹெட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கான நாடா. ஒவ்வொரு முறை போடும்போதும் இதுவரை பயன்படாத புதுப் பகுதி ஹெட்டின் மேல் ஓடும். எல்.டி.ஓ.வில் பொதுவாக 50 முறை வரை பயன்படுத்தலாம். அதற்கு மேல் புதுப் பகுதி மிச்சமிருக்காது. இந்த நாடாவுக்குத் தேய்க்கும் தன்மை இருப்பதால், டிரைவ் கேட்காமல் அடிக்கடி போடுவதும் ஹெட்டுக்கு நல்லதல்ல. கேட்டால் மட்டும் போடு என்பதுதான் டிரைவ் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை.

ஆக, இந்தக் கார்ட்ரிட்ஜ் பற்றி ஒரு மென்பொருளுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இது கிளீனிங் டேப்பா? இன்னும் எத்தனை முறை மிச்சம்? இப்போது போட வேண்டிய தேவை இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. சிக்கல் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உண்மை சிப்பில் இருக்கிறது, ஆனால் கேட்டால் செலவு

ஒவ்வொரு எல்.டி.ஓ. கார்ட்ரிட்ஜின் உள்ளேயும் ஒரு சிறு நினைவகச் சிப் உண்டு. பேட்டரி கிடையாது. டிரைவ் அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். முதல் மூன்று தலைமுறைகளில் அதன் கொள்ளளவு 4 கிலோபைட், பின்னால் வந்தவற்றில் கூடியிருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், இதுவரை எத்தனை முறை ஏற்றப்பட்டது போன்றவை அதில் பதிந்திருக்கும். சேவையகமும் டிரைவும் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஸ்கஸி தரத்தில் 0408 என்ற எண்ணுள்ள ஒரு பண்பு இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று அது சொல்லும். மதிப்பு 0 என்றால் தரவு டேப், 1 என்றால் கிளீனிங் டேப், 80 என்றால் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வோர்ம் டேப். அடுத்த எண்ணான 0409-ல், கிளீனிங் டேப்பாக இருந்தால், அதிகபட்சம் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது இருக்கும்.

இதைவிடத் தெளிவான அடையாளம் இருக்க முடியாது. ஸ்டிக்கர் கிழியலாம், மாற்றி ஒட்டலாம். சிப் சொல்வதை யாரும் பேனாவால் திருத்த முடியாது. டிரைவ் இந்தச் சிப்பைத்தான் நம்புகிறது. கார்ட்ரிட்ஜ் உள்ளே வந்ததும் சிப்பைப் படித்து, கிளீனிங் டேப் என்று தெரிந்தால் யாரையும் கேட்காமல் தானே சுத்தம் செய்யத் தொடங்கிவிடும்.

சரி, அப்படியானால் மென்பொருளும் சிப்பையே கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்கலாம். ஆனால் சிப்பைப் படிக்கும் கருவி பெரும்பாலான லைப்ரரிகளில் டிரைவுக்குள்தான் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் கார்ட்ரிட்ஜை டிரைவில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் கிளீனிங் ஆரம்பித்துவிடும். அதாவது, "நீ கிளீனிங் டேப்பா?" என்ற ஒரு கேள்விக்கு விலை, 50-ல் ஒரு தடவை. கூடவே சில நிமிட டிரைவ் நேரமும் ஹெட்டில் தேவையில்லாத ஒரு தேய்ப்பும். ஒரு லைப்ரரியின் இருப்பை வாரம் ஒருமுறை சிப் வழியாகச் சரிபார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் ஓர் ஆண்டுக்குள் கிளீனிங் டேப் தீர்ந்துவிடும், ஒரு நாள்கூட உண்மையான தேவைக்குப் பயன்படாமலேயே.

அதனால்தான் எல்லோரும் டப்பாவைத் திறக்காமல் மேலே ஒட்டியிருப்பதைப் படிக்கும் வழிக்கு வந்தார்கள்.

ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது

எல்.டி.ஓ. பார்கோடு கோடு-39 என்ற பழைய முறையில் அச்சிடப்படுவது. மொத்தம் எட்டு எழுத்து. முதல் ஆறு அந்தக் கார்ட்ரிட்ஜின் பெயர், கடைசி இரண்டு மீடியா வகை. எல்.டி.ஓ. எட்டாம் தலைமுறைத் தரவு டேப் என்றால் கடைசியில் எல்-8, ஒன்பதாம் தலைமுறை என்றால் எல்-9. வோர்ம் டேப்புக்குத் தனி எழுத்துகள்.

கிளீனிங் டேப்பில் முதல் மூன்று எழுத்து சி-எல்-என். நான்காவது எழுத்து யாருக்கான கிளீனிங் டேப் என்பதைக் குறிக்கும். எல்.டி.ஓ. தொடங்கியபோது எச்.பி., ஐ.பி.எம்., சீகேட் மூன்றும் சேர்ந்து தரத்தை உருவாக்கின. ஆனாலும் ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்தின் டிரைவுக்கென்றே தனிக் கிளீனிங் டேப் இருந்தது. பிறகு எல்லா நிறுவன டிரைவுக்கும் பொதுவான யூனிவர்சல் கிளீனிங் டேப் வந்தது. அதற்கு நான்காவது எழுத்து யூ. அதன் பின் இரண்டு இலக்க எண், கடைசியில் எல்-1. ஆக ஒரு வழக்கமான லேபிள் இப்படி இருக்கும்: சி-எல்-என்-யூ-0-1-எல்-1.

இந்தக் கடைசி எல்-1 பலரைக் குழப்பும். தரவு டேப்பில் எல்-1 என்றால் முதல் தலைமுறை. ஒன்பதாம் தலைமுறை டிரைவ் எட்டும் ஒன்பதும் மட்டுமே படிக்கும், முதல் தலைமுறை டேப்பை ஏற்காது. ஆனால் எல்-1 என்று முடியும் யூனிவர்சல் கிளீனிங் டேப் ஒன்பதாம் தலைமுறை டிரைவிலும் வேலை செய்யும். ஆகவே கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து "இந்த மீடியா இந்த டிரைவுக்குப் பொருந்தாது" என்று முடிவு கட்டும் எந்த விதியும் கிளீனிங் டேப் விஷயத்தில் தவறாகப் போகும். ஐ.பி.எம்.மின் 3592 வகை டிரைவ்களிலும் இதே கதை. அங்கே கிளீனிங் டேப்பின் லேபிள் ஜே-ஏ என்று முடியும். அதே ஜே-ஏ தரவு டேப்பின் அடையாளமும்கூட. ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் மட்டும் எல்.டி.ஓ. கிளீனிங் டேப்புக்கு சி-யூ என்று தனியான முடிவெழுத்து வைத்தது. அது நல்ல ஏற்பாடு, ஆனால் எல்லோரும் பின்பற்றவில்லை. ஆக, எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக நம்பக்கூடியது தொடக்கத்தில் வரும் மூன்று எழுத்து மட்டும்தான்.

அந்த மூன்று எழுத்தும்கூட மென்பொருளை அப்படியே சென்றடையும் என்று சொல்ல முடியாது. ஸ்டிக்கரைப் படிப்பது மென்பொருள் அல்ல, ரோபோவின் ஸ்கேனர். ஸ்கேனர் படித்ததை லைப்ரரி தன் நினைவில் வைத்துக்கொண்டு, மென்பொருள் கேட்கும்போது ஸ்லாட் வாரியாகச் சொல்கிறது. இடையில் லைப்ரரியின் சொந்த அமைப்பு ஒன்று குறுக்கே வருகிறது. எச்.பி.யின் எம்.எஸ்.எல். வரிசை லைப்ரரிகளில், பார்கோடில் எத்தனை எழுத்தைச் சேவையகத்துக்குச் சொல்வது, இடப்பக்கத்திலிருந்து எண்ணுவதா வலப்பக்கத்திலிருந்தா என்று அமைக்கலாம். ஆறு எழுத்து, இடப்பக்கம் என்று வைத்தால் சி-எல்-என்-யூ-0-1 என்று போகும், சிக்கலில்லை. ஆறு எழுத்து, வலப்பக்கம் என்று வைத்தால்? என்-யூ-0-1-எல்-1. முதல் இரண்டு எழுத்து வெட்டுப்பட்டுவிடும். ஸ்டிக்கர் சரி, ஸ்கேனர் சரி, மென்பொருளும் சரி. ஆனாலும் அந்த நிமிடம் முதல் மென்பொருளின் கண்ணில் அது ஒரு புது தரவு டேப்.

இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். லினக்ஸ் சேவையகத்தில் எம்.டி.எக்ஸ். என்ற சிறு கருவியை நிலை கேட்டு ஓட்டினால், ஸ்லாட் எண், நிரம்பியதா காலியா, லைப்ரரி சொல்லும் பார்கோடு ஆகியவை வரிசையாக வரும். மென்பொருளுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அங்கே தெரியும். லைப்ரரியின் முன்பக்கத் திரையில் தெரிவதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழி

பார்கோடு முன்னெழுத்தை நேராக நம்புகிறவற்றில் வீம் முக்கியமானது. சி-எல்-என் என்று தொடங்கும் பார்கோடு இருந்தால்தான் அது கிளீனிங் டேப், இல்லாவிட்டால் இல்லை. இடையில் வேறு பேச்சு கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டாத கிளீனிங் டேப்பை அதற்கு அறிமுகம் செய்வது வீண் வேலை. லேபிள் ஒட்டிவிட்டு மறுபடி உள்ளே வைப்பதுதான் வழி.

நெட்பேக்கப் இன்னும் கொஞ்சம் நெகிழ்வானது. பார்கோடு விதிகள் என்று ஒரு பட்டியலை நிர்வாகியே எழுதலாம். இந்த எழுத்துகளில் தொடங்கினால் இந்த வகை மீடியா, இத்தனை முறை பயன்படுத்தலாம் என்று. கிளீனிங்குக்கென்றே தனி மீடியா வகைகள் அதில் உண்டு. விதி சரியாக இருந்தால் அலுவலகத்துக்கென்று சொந்த முன்னெழுத்துகூட வைத்துக்கொள்ளலாம். விதி எழுத மறந்தவர்கள் வழக்கமான முன்னெழுத்தோடு இருப்பதே நல்லது.

ஐ.பி.எம்.மின் ஸ்டோரேஜ் புரொடெக்ட், பழைய ஆட்களுக்கு டி.எஸ்.எம்., இதில் வேறு சிந்தனை கொண்டது. டேப்பை லைப்ரரிக்குள் பதிவு செய்யும்போதே, இதன் நிலை கிளீனர், இத்தனை தடவை மிச்சம் என்று நிர்வாகி தன் வாயால் சொல்ல வேண்டும். ஸ்டிக்கரில் இருப்பது இரண்டாம்பட்சம். தன் தரவுத்தளத்தில் பதிந்திருப்பதுதான் அதற்கு வேதம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. லைப்ரரியில் உள்ள பதிவாகாத டேப் எல்லாவற்றையும் தேடி, ஒவ்வொன்றையும் டிரைவில் ஏற்றி, நாடாவில் உள்ள பெயரைப் படித்துப் பதிவு செய் என்று ஒரே கட்டளையில் சொல்ல முடியும். அந்த நேரத்தில் பதிவு செய்யாத கிளீனிங் டேப் ஏதாவது ஸ்லாட்டில் இருந்தால் அதுவும் டிரைவுக்குள் போய்விடும். அதனால் அப்படி மொத்தமாகத் தேடும் முன் கிளீனிங் டேப்பை வெளியே எடுத்து வைத்துவிடுவது, அல்லது ஏற்றிப் பார்க்காமல் பார்கோடை மட்டும் படி என்று சொல்வது பழக்கம்.

பேக்கப் எக்ஸெக் டேப்பையே பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. எந்த ஸ்லாட் கிளீனிங் ஸ்லாட் என்று நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஸ்லாட்டை இருப்புக் கணக்கெடுப்பின்போது அது தாண்டிப் போய்விடும். பார்கோடு ஸ்கேனர் இல்லாத சின்ன லைப்ரரிகளான ஆட்டோலோடர்களுக்கு இது பொருத்தமான வழி. பலவீனமும் இதிலேயே இருக்கிறது: யாராவது டேப்களை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு ஒரு ஸ்லாட் தள்ளி வைத்துவிட்டால் மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை.

பக்யூலாவை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், மூலநிரல் திறந்திருப்பதால் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும். அதன் பூல் (டேப்களின் குழு) அமைப்பில் கிளீனிங் முன்னெழுத்து என்று ஒரு வரி எழுதலாம். வழக்கமாக அதில் சி-எல்-என் என்று போடுவார்கள். பிறகு பார்கோடுகளைக் கொண்டு எல்லா டேப்புக்கும் பெயரிடு என்று கட்டளை கொடுத்தால், பக்யூலா ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போகும். முன்னெழுத்து பொருந்தினால் அந்த டேப்பை ஏற்றாது; தன் கேட்டலாகில், அதாவது டேப் விவரங்களின் தரவுத்தளத்தில், அதன் நிலை "கிளீனிங்" என்று மட்டும் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்த நிலையில் உள்ள டேப்பை எந்த வேலைக்கும் எடுக்காது.

கவனிக்க வேண்டியது, இந்த ஒப்பீடு பெயரிடும் அந்தத் தருணத்தில்தான் நடக்கிறது. அமைப்பில் அந்த வரி இல்லாமல் பெயரிடும் கட்டளையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கிளீனிங் டேப்பின் முறை வருகிறது. ரோபோ எடுத்து டிரைவில் வைக்கிறது. டிரைவ் சிப்பைப் படித்து, கிளீனிங்கைத் தொடங்குகிறது. இந்தப் பக்கம் பக்யூலாவுக்காக ரோபோவை இயக்கும் சிறு நிரலான சேஞ்சர் ஸ்கிரிப்ட், டிரைவ் தயாரா, தயாரா என்று நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஸ்கிரிப்ட் வழக்கமாக 300 நொடி வரை காத்திருக்கும். தரவு டேப் என்றால் நாடா ஏறியதும் டிரைவ் "தயார்" என்று சொல்லும். கிளீனிங் டேப்புக்கு அந்தப் பதில் ஒருபோதும் வராது. ஐந்து நிமிடம் கழித்து ஸ்கிரிப்ட் கைவிட்டுப் பிழைச் செய்தி எழுதுகிறது. பதிவேட்டைப் பார்க்கும் ஆளுக்கு டிரைவ் கெட்டுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் டிரைவ் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு நிற்கிறது.

டிரைவ் சொல்லும் பதில்கள்

டிரைவ் ஊமையல்ல. என்ன நடக்கிறது என்பதற்கு ஸ்கஸி தரத்தில் துல்லியமான குறியீடுகள் உண்டு. 30/03 என்றால் கிளீனிங் டேப் உள்ளே இருக்கிறது. 30/07 என்றால் கிளீனிங் தோல்வி. 00/17 என்றால் எனக்குச் சுத்தம் தேவை. மேலே சொன்ன ஸ்கிரிப்ட் போன்றவை இந்த எண்ணைப் பார்ப்பதில்லை, தயார் அல்லது தயாரில்லை என்ற இரண்டே விடையை மட்டும் பார்க்கின்றன. அதனால்தான் தெளிவான ஒரு செய்தி பொத்தாம்பொதுவான பிழையாக மாறி வெளியே வருகிறது. டிரைவ் "தயாரில்லை" என்று புகார் வந்தால் முதலில் சேவையக இயங்குதளத்தின் கர்னல் பதிவில் 30/03 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டாம்.

டேப்-அலர்ட் என்று இன்னொரு ஏற்பாடும் உண்டு. டிரைவ் 64 எச்சரிக்கைக் கொடிகளைத் தன்னிடம் வைத்திருக்கும். மென்பொருள் அவ்வப்போது வந்து எது உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகும். கிளீனிங் சம்பந்தப்பட்டவை 20 முதல் 23 வரை. 20 உடனே சுத்தம் செய், 21 சீக்கிரம் ஒருமுறை செய், 22 கிளீனிங் டேப் தீர்ந்துவிட்டது, 23 இது சரியான கிளீனிங் டேப்பே அல்ல. மென்பொருள் தானே கிளீனிங் செய்யும் அமைப்பில் 20, 21-ஐப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கும்.

23-ஆம் கொடி இருப்பதே ஒரு விஷயத்தைச் சொல்கிறது. லேபிளும் உள்ளிருப்பதும் வேறுவேறாக இருக்கும் என்பதைத் தரத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

லைப்ரரியின் பக்கத்திலும் வழி இருக்கிறது. லைப்ரரி ரோபோவுக்கான ஸ்கஸி மீடியா சேஞ்சர் தரத்தின் மூன்றாம் பதிப்பில், ஒவ்வொரு ஸ்லாட்டின் விவரத்திலும் மீடியா வகை என்று ஒரு சிறு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1 தரவு, 2 கிளீனிங், 4 வோர்ம், இப்படி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லைப்ரரிக்கு அந்த வகை எப்படித் தெரியும்? பெரும்பாலும் அதுவும் அதே பார்கோடைப் படித்துத்தான் நிரப்புகிறது. கார்ட்ரிட்ஜ் ஒருமுறை டிரைவுக்குள் போய் வந்திருந்தால் டிரைவ் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும் லைப்ரரிகளும் உண்டு. "தெரியாது" என்று 0 போட்டு அனுப்புவதற்கும் தரம் அனுமதிக்கிறது. அப்புறம் மென்பொருள் எழுதுகிறவர் எதை நம்புவார்? எல்லா லைப்ரரியிலும் கிடைக்கும் பார்கோடையேதான். நான் முன்பே சொன்ன எம்.டி.எக்ஸ். கருவியின் நிலைப் பட்டியலிலும் இந்த வகை தெரியாது, பார்கோடு மட்டும்தான் தெரியும்.

இரண்டு பக்கத் தவறும் ஒன்றல்ல

கிளீனிங் டேப்பைத் தரவு டேப் என்று நினைத்துவிட்டால், அது காலி டேப்களின் பட்டியலில் போய் உட்காரும். மென்பொருள் ஒவ்வொரு முறை புது டேப் தேடும்போதும் அது தேர்வாக வாய்ப்பு உண்டு. ஏற்றும், தோற்கும், அடுத்த நாள் மறுபடி ஏற்றும். சில மென்பொருள்கள் ஓரிரு தோல்விக்குப் பின் டேப்பை ஒதுக்கும். சில, டிரைவையே பழுதென்று ஒதுக்கிவிடும். இரண்டாவது வகைதான் தொந்தரவு. நல்ல டிரைவ் ஒன்று காரணமில்லாமல் வேலையிலிருந்து விலகி நிற்கும், இரவு பேக்கப் நேரத்துக்குள் முடியாமல் காலை வரை இழுக்கும். கிளீனிங் டேப்பும் யாருக்கும் தெரியாமல் கரைந்துகொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கம், தரவு டேப்பில் தவறிப்போய் கிளீனிங் லேபிள் ஒட்டிவிட்டால்? பயப்பட ஒன்றுமில்லை. டிரைவ் சிப்பைத்தான் பார்க்கும் என்பதால் தரவு நாடாவை வைத்து ஹெட்டைத் தேய்க்காது. டேப்பில் உள்ள தரவும் அழியாது. கிளீனிங்குக்காக அதை ஏற்றினால் கிளீனிங் நடக்காது. 23-ஆம் கொடி எழலாம். மற்றபடி மென்பொருள் அதைத் தரவுக்கு எடுக்காது, அவ்வளவுதான். ஆனால் அதில் ஏற்கெனவே முக்கியமான தரவு இருந்து, மீட்டெடுக்க வேண்டி வரும் நாளில் மென்பொருளின் கண்ணுக்கு அந்த டேப் படாமல் போவதுதான் உண்மையான சங்கடம். சொந்தமாக லேபிள் அச்சடிக்கும் அலுவலகங்கள் கிளீனிங் தாளையும் தரவுத் தாளையும் ஒரே உறையில் வைக்காமல் இருப்பது உத்தமம்.

யார் சுத்தம் செய்வது, யார் எண்ணுவது

லைப்ரரியே தானாகக் கிளீனிங் செய்யும் வசதி இப்போது பெரும்பாலானவற்றில் உண்டு. அதை இயக்கிவிட்டால் டிரைவின் கோரிக்கை நேராக லைப்ரரிக்குப் போகும். ரோபோ கிளீனிங் டேப்பை எடுத்துப் போட்டு, முடிந்ததும் திருப்பி வைத்துவிடும். பல லைப்ரரிகளில் கிளீனிங் டேப்புக்கென்று ஒதுக்கிய ஸ்லாட்கள் சேவையகத்தின் கண்ணுக்கே தெரியாது. அப்படியானால் மென்பொருள் அடையாளம் காண வேண்டிய அவசியமே எழாது. புதிதாக அமைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லைப்ரரி செய்யட்டும், மென்பொருளில் கிளீனிங்கை அணைத்துவிடுங்கள். டிரைவுக்கு மிக அருகில் இருப்பது லைப்ரரி, அந்த வேலை அதற்குத்தான் பொருந்தும். லைப்ரரியில் அந்த வசதி இல்லாதபோது, அல்லது எப்போது எந்த டிரைவ் சுத்தமானது என்ற கணக்கு மென்பொருளின் அறிக்கையில் வேண்டும் என்றால், மென்பொருளிடம் விடலாம்.

இரண்டையும் ஒருசேர இயக்கி வைப்பதுதான் கூடாத காரியம். ஒரே கோரிக்கைக்கு இரண்டு பேர் ஓடி வருவார்கள். லைப்ரரி கிளீனிங் டேப்பை டிரைவில் போட்டுவிட்டிருக்கும். மென்பொருள் தன் கணக்கில் அந்த டேப் இன்னும் ஸ்லாட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து ரோபோவை அனுப்பும். ஸ்லாட் காலி என்று பிழை வரும். அல்லது டிரைவ் காலி என்று நினைத்துத் தரவு டேப்பைக் கொண்டுபோகும்.

எண்ணிக்கையிலும் இதே இழுபறி. நெட்பேக்கப், ஸ்டோரேஜ் புரொடெக்ட் போன்றவை இன்னும் எத்தனை முறை மிச்சம் என்பதைத் தாங்களே கழித்துக்கொண்டு வருகின்றன. சிப்பில் இருக்கும் கணக்கு தனி. லைப்ரரி தானாகச் செய்த கிளீனிங்கும், ஆப்பரேட்டர் முன்பக்கத் திரையிலிருந்து செய்ததும் மென்பொருளின் கணக்கில் வராது. சிப்பில் வந்துவிடும். பாதி பயன்படுத்திய டேப்பை வேறொரு லைப்ரரியிலிருந்து கொண்டுவந்து 50 என்று பதிவு செய்தால் மென்பொருள் அதையும் நம்பும். ஒருநாள் மென்பொருள் இன்னும் பதினெட்டு முறை மிச்சம் என்று காட்டும்போதே டிரைவ் 22-ஆம் கொடியை உயர்த்தி டேப்பைத் துப்பிவிடும். அந்தச் சண்டையில் எப்போதும் டிரைவ் சொல்வதே சரி.

இதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் லைப்ரரியில் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. எம்.எச்.வி.டி.எல். என்ற திறமூல மெய்நிகர் டேப் லைப்ரரியை ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அதன் ஸ்லாட் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. அதில் ஒரு ஸ்லாட்டுக்கு நேராக சி-எல்-என் என்று தொடங்கும் பெயரை எழுதினால் அது கிளீனிங் டேப்பாக உருவாகும். உங்கள் பேக்கப் மென்பொருளை அதோடு இணைத்து, முன்னெழுத்து உள்ளதை எப்படி நடத்துகிறது, விதி இல்லாதபோது என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசியாக, நடைமுறையில் அதிகம் தவறவிடப்படும் ஒன்று. தீர்ந்துபோன கிளீனிங் டேப்பின் ஸ்டிக்கர் தீர்ந்துபோவதில்லை. அது ஸ்லாட்டில் இருக்கும் வரை, பார்கோடை மட்டும் நம்பும் மென்பொருளுக்கு அது இன்னும் கிளீனிங் டேப்தான். டிரைவ் கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துப் போடும், டிரைவ் திருப்பித் தள்ளும், சுத்தமாகாத ஹெட்டில் பிழை கூடிக்கொண்டே போகும். 22-ஆம் கொடி எழுந்த அன்றே அந்தக் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிடுங்கள். புதியதை வைக்கும்போது பழையதன் எண்ணையே மறுபடி ஒட்டாமல் அடுத்த எண்ணை ஒட்டுங்கள். இல்லாவிட்டால், மிச்சம் பூஜ்யம் என்று மென்பொருளின் தரவுத்தளத்தில் இருக்கும் பழைய கணக்கு புது டேப்பின் தலையில் விழும்.